ஏற்றத்தில் இன்ஜின் தட்டுகிறதா? விலை கூடிய பெட்ரோல் போடும் முன் பார்க்க வேண்டியவை

வண்டி இழுக்கவில்லை, மைலேஜ் கொடுக்கவில்லை, காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. எதைச் சொன்னாலும் "விலை கூடினதைப் போட்டுப் பாருங்க" என்று சொல்ல ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். பிழை அவர் மேல் இல்லை. பெயரிலேயே உசத்தி இருக்கும்போது, உசத்தியானதைப் போட்டால் வண்டிக்குத் தெம்பு வரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஆக்டேன் கூடிய பெட்ரோல் தீர்த்து வைப்பது ஒரே ஒரு கோளாறைத்தான். அந்தக் கோளாறு உங்கள் வண்டிக்கு இருக்கிறதா என்பதை அறிகுறி அறிகுறியாகப் பார்ப்போம்.

முதலில் எண்ணைச் சரிபாருங்கள்

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியை அளப்பதில்லை. சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தையும் சூட்டையும் பெட்ரோல் எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்ளும், தானாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டார்கள். 95 பங்கு அதுவும் 5 பங்கு இதுவும் கலந்தால் எவ்வளவு தாங்குமோ, அதே அளவு தாங்கும் பெட்ரோலுக்கு 95.

இதில் ஒரு குழப்பம் உண்டு. ஒரே பெட்ரோலை இரண்டு விதமாக அளக்கலாம். ஆர்ஓஎன் முறையில் சோதனை இன்ஜினை நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டுவார்கள். எம்ஓஎன் முறையில் 900 சுற்று, காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையையும் 149 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குவார்கள். கடினமான சோதனை என்பதால் எம்ஓஎன் எண் குறைவாக வரும். பெரும்பாலான நாடுகளில் பெட்ரோல் பங்கில் எழுதியிருப்பது ஆர்ஓஎன். அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டின் சராசரியைப் போடுகிறார்கள். அங்கே 87 என்பது மற்ற இடங்களில் ஏறக்குறைய 91, 92. கையேடு ஒரு கணக்கிலும் பங்க் ஒரு கணக்கிலும் பேசினால், இல்லாத வித்தியாசத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கையேட்டில், அல்லது பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தில், எண்ணோடு சேர்ந்து வரும் சொல்லையும் படியுங்கள். "குறைந்தபட்சம்", "கட்டாயம்" என்றிருந்தால் பேச்சே இல்லை, அதைப் போடுங்கள். "பரிந்துரை" என்றிருந்தால் யோசிக்க இடமுண்டு. சாதா பெட்ரோல் போதும் என்று இருந்து, வண்டியும் ஒழுங்காக ஓடினால் இந்தக் கட்டுரையே உங்களுக்கு வேண்டாம்.

அறிகுறி: ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கிணுகிணு சத்தம்

இதுதான் அசல் அறிகுறி. டாப் கியரில் மெதுவாகப் போகிறீர்கள், ஏற்றம் வருகிறது, கியரைக் குறைக்காமல் அழுத்துகிறீர்கள். தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்குவது போல உள்ளே ஒரு சத்தம். காலை எடுத்ததும் நின்றுவிடும். பட்டறையில் இதை நாக்கிங் என்பார்கள்.

பிளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து சீராகப் பரவ வேண்டும். பரவப் பரவ, முன்னால் இருக்கும் எரியாத கலவை நசுங்கிச் சூடேறுகிறது. தீ வந்து சேரும்வரை பொறுக்காமல் அந்த மிச்சக் கலவை தானே ஒரேயடியாக வெடித்தால், அழுத்த அலை சிலிண்டர் சுவர்களில் மோதி மோதி அதிர்கிறது. சாதாரண கார் சிலிண்டரின் அகலத்துக்கு அந்த அதிர்வு நொடிக்கு ஆறாயிரம், ஏழாயிரம் தடவை இருக்கும். இடிச்சத்தமாக இல்லாமல் உலோகக் கிணுகிணுப்பாகக் காதில் விழுவது அதனால்தான்.

உறுதி செய்துகொள்ள: இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, வண்டி நடமாட்டம் இல்லாத ஒரு ஏற்றத்தில், வேண்டியதைவிட ஒரு கியர் மேலே வைத்து முக்கால்வாசி ஆக்சிலரேட்டர் கொடுங்கள். சத்தம் வந்ததும் ஒரு கியர் குறைத்து அதே ஏற்றத்தை அதே வேகத்தில் ஏறுங்கள். சத்தம் போய்விட்டதா? அப்படியானால் மாற்ற வேண்டியது ஓட்டும் பழக்கம். மைலேஜுக்காக டாப் கியரிலேயே வண்டியை முக்கி முக்கி ஏற்றுகிறவர்களிடம் இது அதிகம்.

கியர் குறைத்தும் தட்டினால், உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: இதே பெட்ரோலில் இந்த வண்டி முன்பு தட்டியதா? முன்பு தட்டாமல் ஓடிய இன்ஜின் இப்போது தட்டுகிறது என்றால், அதற்குத் திடீரென்று உயர் ஆக்டேன் மேல் ஆசை வந்துவிடவில்லை. ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. நான் பார்க்கும் வரிசை இது, செலவு குறைந்ததிலிருந்து.

பெட்ரோல். கடைசியாகப் புது இடத்தில் போட்டீர்களா? மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் சரசரவென்று இறங்கும். மிதமாக ஓட்டி அந்த டேங்கைத் தீர்த்துவிட்டு, அதே எண் பெட்ரோலை வேறிடத்தில் போட்டுப் பாருங்கள். ரகத்தை மாற்றாதீர்கள். மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

சூடு. கூலன்ட் அளவு, ஃபேன் ஓடுகிறதா, ரேடியேட்டர் முகப்பில் தூசி அடைத்திருக்கிறதா. காற்றில் குளிரும் பைக் என்றால் இன்ஜின் விலாக்களில் அப்பிய சேறு.

கலவை. காற்று அதிகமாகி பெட்ரோல் குறைந்தால் நாக்கிங் வரும். எங்கோ ஒரு வாக்யூம் ஹோஸ் வெடித்திருக்கும், அல்லது இன்ஜெக்டர் பாதி அடைத்திருக்கும். என் பழைய கார்புரேட்டர் பைக்கில் நான் ஏமாந்தது இங்கேதான். தட்ட ஆரம்பித்ததும் விலை கூடிய பெட்ரோலுக்கு மாறினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது, "பார்த்தாயா" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து ஒருநாள், ஸ்லோவில் ஓடிக்கொண்டிருந்தபோது கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பரைக் கட்டைவிரலால் லேசாக வளைத்தேன். மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது, இன்ஜின் சுற்று மாறியது. விரலை எடுத்ததும் வெடிப்பு மூடிக்கொண்டது. கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. ரப்பரை மாற்றினேன், சாதா பெட்ரோலிலேயே சத்தம் நின்றது. அந்த இரண்டு மாதமும் நான் மேல்விலை கொடுத்து மறைத்து வைத்திருந்தது ஒரு ரப்பர் துண்டின் வெடிப்பை.

பிளக். கழற்றி, வெள்ளைப் பீங்கான் மூக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போலப் பொடிப்பொடியாகக் கறுப்பு அல்லது பளபளக்கும் புள்ளிகள் இருந்தால் நாக்கிங் நிஜம். பளபளப்பது பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். இதைக் கண்டால் தள்ளிப்போடாதீர்கள். கையேடு சொன்ன சூட்டு எண்ணுள்ள பிளக்தானா என்பதையும் பாருங்கள். சூட்டை வெளியே கடத்தாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் தவறான பிளக் தானே ஒரு கங்கு போலச் சிவந்து நிற்கும்.

கார்பன். குறுந்தூர ஓட்டமே ஓடும் வண்டிகளில் பிஸ்டன் தலையில் கார்பன் படியும். இடம் குறைவதால் அழுத்தம் கூடும், படிவு சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்ஜின் ஆயில் குடிக்கிற வண்டி என்றால் இரட்டை அடி. உள்ளே போகும் ஆயில் கலவையின் ஆக்டேனையும் சேர்த்து இறக்கிவிடும்.

இவை எல்லாம் சரி என்றால், எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடும் இஜிஆர் வால்வும், பொறி விடும் நேரமான இக்னிஷன் டைமிங்கும் மிச்சம். அவற்றைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். அத்தனையும் சுத்தம், கையேடு சொன்ன பெட்ரோல், ஆனாலும் வெயிலில் முழுச் சுமையோடு ஏறும்போது மட்டும் தட்டுகிறது என்றால், அப்போது ஒரு படி மேலான ஆக்டேன் போடுவது சரியான மருந்து. கொடுக்கிற காசுக்கு நியாயமும் உண்டு.

அறிகுறி: நின்றுகொண்டிருக்கும்போதே டக் டக் சத்தம்

நாக்கிங் இல்லை. சுமை இல்லாமல் வரும் சத்தம் பெரும்பாலும் டாப்பெட் இடைவெளி, டைமிங் செயின், அல்லது சைலன்சர் மேல் மூடிய தகடு. காலையில் மட்டும் தட்டி, சூடானதும் அடங்கினால் பிஸ்டன் ஆட்டம். பெட்ரோலை எத்தனை முறை மாற்றினாலும் இது மாறாது.

அறிகுறி: சத்தம் இல்லை, ஆனால் உச்சி வெயிலில் வண்டி இழுக்கவில்லை

இது கொஞ்சம் நுட்பமானது. இன்றைய கார்களில் இன்ஜின் பிளாக்கில் நாக் சென்சார் என்ற ஒரு காது இருக்கிறது. நாக்கிங்கின் அதிர்வை உங்களுக்கு முன்னால் அது கேட்டுவிடும். கேட்டதும் இன்ஜினை நடத்தும் கணினியான இசியூ பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போடும். சத்தம் வராது, இழுவை மட்டும் குறையும். குறைந்த ஆக்டேன் போட்டும் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவர்களின் வண்டிக்குள் நடப்பது பெரும்பாலும் இதுதான். டர்போ வண்டிகளிலும் கலவையை அதிகமாக நசுக்கும், அதாவது அழுத்த விகிதம் அதிகமுள்ள இன்ஜின்களிலும் இந்த விட்டுக்கொடுத்தல் நன்றாகவே தெரியும். மாஸ்டா சிஎக்ஸ்-9 காரின் 2.5 லிட்டர் டர்போ இன்ஜினுக்கு அந்த நிறுவனமே இரண்டு கணக்கு கொடுத்தது: அமெரிக்க எண்ணில் 93 போட்டால் 250 குதிரைத்திறன், 87 போட்டால் 227. வித்தியாசம் நிஜம்தான். ஆனால் அந்த 23 குதிரைகளைப் பார்க்க ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்க வேண்டும். நெரிசலில் ஊர்ந்துபோகிறவருக்கு அவை லாயத்திலேயே கிடக்கும்.

சோதிக்க: டேங்க் கிட்டத்தட்டக் காலியான பிறகு உயர் ஆக்டேனை நிரப்பி, இசியூ பழகிக்கொள்ள ஓரிரு நாள் வழக்கம்போல ஓட்டுங்கள். பிறகு அதே ஏற்றம், அதே நேரம், அதே சுமை. வண்டியின் கணினியில் செருகி அளவுகளைப் படிக்கும் ஓபிடி ரீடர் இருந்தால், பொறி எவ்வளவு முன்னதாக விடப்படுகிறது என்று காட்டும் இக்னிஷன் அட்வான்ஸ் என்ற அளவைப் பாருங்கள். ஏற்றத்தில் முன்பைவிட அது சில டிகிரி கூடி நின்றால் உங்கள் இன்ஜின் அந்தப் பெட்ரோலைப் பயன்படுத்திக்கொள்கிறது. கூடவில்லையென்றால் கொடுத்த காசு புகையாகப் போகிறது. ரீடர் இல்லையென்றால் பக்கத்தில் உட்காருபவரிடம் எந்தப் பெட்ரோல் என்று சொல்லாமல் கேளுங்கள். தானே காசு கொடுத்தவருக்கு வண்டி எப்போதும் பறக்கும்.

பைக், ஸ்கூட்டர்களில் பலவற்றுக்கு இந்தச் சென்சார் கிடையாது. அவற்றுக்கு ஆக்டேன் கூடினாலும் டைமிங் முன்னே போகாது, அதனால் கூடுதல் இழுவைக்கு வழியே இல்லை.

அறிகுறி: மைலேஜ் குறைந்துவிட்டது

டயர் காற்று, பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக், ஏர் ஃபில்டர். முதலில் இந்த மூன்றும். ஆக்டேன் கூடியது என்பதால் ஒரு லிட்டருக்குள் கூடுதல் சக்தி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. சொல்லப்போனால் நேரெதிராகவும் நடக்கும். எத்தனாலின் ஆக்டேன் பெட்ரோலைவிட அதிகம், ஆனால் லிட்டருக்கு லிட்டர் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதம் எத்தனால் கலந்தால் மைலேஜ் சுமார் 3 சதவீதம் இறங்கும்.

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016-ல், சாதா பெட்ரோலுக்கென்றே செய்த கார்களில் உயர் ரகத்தைப் போட்டுச் சோதித்தது. சொல்லிக்கொள்ளும்படி பலன் எதுவும் இல்லை. 2017-ல் உயர் ரகம் "பரிந்துரை" என்றிருந்த கார்களைச் சோதித்தபோது சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதமும் திறன் 1.4 சதவீதமும் கூடின. உங்கள் பங்கில் விலை வித்தியாசம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மூன்றுக்கு மேல் என்றால் மைலேஜை வைத்து அதை ஈடுகட்டுவது நடவாத காரியம்.

நீங்களே அளக்க நினைத்தால், ஒரே பங்கில், ஒரே குழாயில், தானாக நிற்கும் வரை நிரப்பி, மூன்று டேங்க் சாதா, மூன்று டேங்க் உயர் ரகம், திரும்பவும் மூன்று டேங்க் சாதா. கடைசி மூன்றை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் பருவம் மாறியதற்கும் பெட்ரோல் மாறியதற்கும் வித்தியாசம் தெரியாது.

அறிகுறி: ஸ்டார்ட் ஆகத் தகராறு, மிஸ்ஸிங், ஜெர்க்

பேட்டரி, பிளக், காயில். ஆக்டேனுக்கு இங்கே வேலை இல்லை. குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு வேண்டியது பெட்ரோல் எளிதில் ஆவியாவது, அது வேறு குணம்.

மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் மட்டும் பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள். ஆவியாகும் பகுதி போய்விட்டிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் ஈரம் அதிகமாகச் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் ஒன்றுகூடி அடியில் பிரிந்து உட்காரும். குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். மேலே மிஞ்சிய பெட்ரோலோ எத்தனாலை இழந்து ஆக்டேனும் குறைந்திருக்கும். கொஞ்சத்தைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து அசையாமல் வைத்தால் இரண்டு அடுக்கு தனித்தனியாகத் தெரியும். அதன்மேல் உயர் ரகத்தை ஊற்றிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், முழுவதையும் இறக்கிவிடுங்கள்.

அறிகுறி: சாவியை அணைத்தும் இன்ஜின் இருமிக்கொண்டே ஓடுகிறது

கார்புரேட்டர் வண்டிகளின் வியாதி. இன்ஜெக்டர் வண்டியில் சாவியை அணைத்ததும் பெட்ரோல் நின்றுவிடுவதால் இது வராது. கார்பன் கங்கும் அதிகமாக வைத்த ஸ்லோ சுற்றும்தான் வழக்கமான காரணம். உயர் ஆக்டேன் இருமலைக் குறைக்கலாம், கார்பன் அங்கேயே இருக்கும்.

அறிகுறி: டர்போ காரில் குறைந்த சுற்றில் ஒரே ஒரு "டமார்"

தொடர் கிணுகிணுப்பு இல்லை, சுத்தியலால் ஒரே அடி. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சிறிய டர்போ இன்ஜின்களில், 1,500 சுற்றில் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது வரும். பொறி விடுவதற்கு முன்பே எரிய ஆரம்பித்துவிடுகிறது. ஆயில் துளிகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பிஸ்டனை உடைக்கும் அளவுக்குப் போகக்கூடியது. இதற்கு மருந்து பெட்ரோல் பங்கில் இல்லை, ஆயில் டப்பாவில் இருக்கிறது. இன்ஜின் ஆயிலுக்கான ஏபிஐ தரத்தில் 2018-ல் வந்த எஸ்என் பிளஸ், 2020-ல் வந்த எஸ்பி இரண்டிலும் இதைத் தடுக்கும் சோதனை சேர்க்கப்பட்டது. டப்பாவில் அந்த எழுத்து இருக்கிறதா பாருங்கள், கியரைக் குறைத்து ஓட்டுங்கள்.

அறிகுறி: செக் இன்ஜின் விளக்கு

ரீடரில் பி0325 என்று வந்தால் நாக் சென்சாரின் மின்சுற்றில் பழுது. காது கேட்காததால் இசியூ பயந்துகொண்டு டைமிங்கைத் தள்ளியே வைத்திருக்கும், வண்டி சோம்பலாக ஓடும். இந்த நிலையில் உயர் ரகம் போட்டாலும் அது நம்பாது. ஒயரையும் கனெக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். சென்சார் போல்ட்டைக் கையேடு சொன்ன இறுக்கத்துக்கு மேல் முறுக்கினாலோ தளர்வாக விட்டாலோ சென்சார் தப்பாகத்தான் கேட்கும்.

தவறுதலாகக் குறைந்த ஆக்டேனைப் போட்டுவிட்டேன்

டேங்கை இறக்க வேண்டாம். பெட்ரோல் கலந்தால் எண்ணும் ஏறக்குறைய சராசரியாகும். டேங்கில் 91 எண்ணில் 20 லிட்டர் இருந்து, 95 எண்ணில் 20 லிட்டர் சேர்த்தால் 93-ஐ ஒட்டி நிற்கும். அதுவரை முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம், சுமை வேண்டாம், கியரைக் குறைத்தே ஏறுங்கள். சென்சார் இல்லாத, அழுத்த விகிதம் அதிகமுள்ள பழைய இன்ஜின் என்றால் மட்டும் முதல் கிணுகிணுப்பிலேயே நிறுத்தி யோசியுங்கள்.

எந்தக் குறையும் இல்லை, சும்மா நல்லதுக்குப் போடலாமா

இன்ஜினைச் சுத்தம் செய்யும் டிடர்ஜென்ட் சேர்மானத்தைச் சொல்லி விற்பார்கள். அது வேறு, ஆக்டேன் வேறு. நல்ல டிடர்ஜென்ட் சாதா ரகத்திலும் இருக்கலாம். அதற்காக என்றால் விளம்பரப் பலகையை விட்டுவிட்டு, சேர்மானம் எந்தெந்த ரகத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

புட்டியில் விற்கும் ஆக்டேன் பூஸ்டருக்கு வருவோம். நாக்கிங்கைத் துளி மருந்தில் அடக்கும் ஆசை பழையது. 1921-ல் தாமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்மத்தைக் கண்டுபிடித்தது அதற்காகத்தான். காற்றிலெல்லாம் ஈயத்தைக் கலந்த பிறகு, கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பது உலகம் முழுக்க நின்றது 2021-ல். இன்றைய புட்டிகளில் அது இல்லை, கணக்கில் மட்டும் ஒரு தந்திரம். "5 பாயின்ட் கூடும்" என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அர்த்தம் 0.5. பத்து பாயின்ட் சேர்ந்தால்தான் ஒரு ஆக்டேன், 91 என்பது 96 ஆகாது, 91.5 ஆகும். சில புட்டிகளில் ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மம் இருக்கும். தொடர்ந்து ஊற்றியிருந்தால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பீங்கான்மேல் செங்கல் நிறத்தில் படிந்திருக்கும். அது இரும்புத்துரு. அந்தப் படிவு வழியாக மின்சாரம் கசிந்து மிஸ்ஸிங் ஆரம்பித்திருந்தால், சுரண்டிக்கொண்டிருக்காமல் பிளக்கையே மாற்றிவிடுங்கள், புட்டியையும் நிறுத்திவிடுங்கள்.